அளந்து அளந்து ஆகும் கலம்: சிலிக்கன் சூரியக் கலத்தைத் தொழிற்சாலையில் சோதிக்கும் விதம்

கூரைக்கு ஏற்றுவதற்கு முன்னால் சோலார் பனலைச் சுவரில் சாய்த்து வைத்திருப்பார்கள். அந்த நேரம் அதன் முதுகுப் பக்கத்தை எட்டிப் பார்த்தால் ஓர் ஒட்டுத்தாள் தெரியும். உச்ச வலு இத்தனை வாற், திறந்த சுற்று வோல்ற்றளவு இவ்வளவு, குறுஞ்சுற்று ஓட்டம் இவ்வளவு அம்பியர் என்று ஏழெட்டு இலக்கங்கள் வரிசையாக நிற்கும். வாங்குகிறவர் முதல் இலக்கத்தை மட்டும் பார்ப்பார். காசு கொடுப்பது அதற்குத்தானே. மீன் கிலோ கணக்கில், துணி மீற்றர் கணக்கில், பனல் வாற் கணக்கில்.

"சேர், நானூத்தி அம்பது வாட்ஸ் எண்டு போட்டிரிக்கே, இத ஆரு அளந்த? அவங்களே செஞ்சி, அவங்களே அளந்து, அவங்களே எழுதினதா?" என்று பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் கேட்டார். கடன் எடுத்துப் பனல் போட்டவர் அவர். கேட்க உரிமை உள்ளவர். நான் தமிழ் படிப்பிக்கிறவன். ஆனாலும் நல்ல கேள்வி என்பதால் விட மனம் வரவில்லை. பௌதிகவியல் படிப்பிக்கும் நண்பரோடு உட்கார்ந்து, வாசித்து, விளங்கிக்கொண்டதை இங்கே எழுதுகிறேன். மீன் நிறுக்கிற மாதிரி ஒரே ஒரு தராசு இங்கே கிடையாது. ஒரு சிலிக்கன் தகடு சூரியக் கலமாக மாறும் வழி நெடுகிலும் அதை அளந்துகொண்டே போகிறார்கள். ஒட்டுத்தாளில் ஏறுவது அந்த நீண்ட கணக்கின் கடைசி வரி மாத்திரம்.

முதலில் சொற்களைப் பற்றிக் கொஞ்சம். குறைகடத்தி, இலத்திரன், துளை என்று எங்கள் பாடநூல்களில் நல்ல சொற்கள் இருக்கின்றன, அவற்றையே எடுத்துக்கொள்கிறேன். ஒரு சாண் அளவுள்ள தனித்துண்டைக் கலம் என்றும், பல கலங்களைக் கோத்துக் கண்ணாடிக்குள் அடைத்ததைப் பனல் என்றும் சொல்கிறேன். ஊரில் இரண்டுக்கும் 'சோலார்' என்ற ஒரே பெயர்தான். கலம் என்பதற்குப் பாத்திரம், கப்பல், ஆபரணம் என்று பல பொருள் உண்டு. நெல் அளந்த பழைய முகத்தலளவை ஒன்றுக்கும் கலம் என்றே பெயர். அளவையின் பெயரைத் தாங்கிய ஒரு பொருளை அளப்பது பற்றி எழுதுவதில் ஒரு தமிழ் வாத்தியாருக்குத் தனிச் சந்தோசம் இருக்கத்தான் செய்யும்.

இலத்திரனின் ஆயுள்

கலத்துக்குள் என்ன நடக்கிறது என்று விளங்காமல் எதை அளக்கிறார்கள் என்பது விளங்காது. சிலிக்கன் தகட்டில் மிகச் சிறிதளவு போரனோ கல்லியமோ கலந்திருக்கும். அதன் மேற்பரப்பில், ஒரு மைக்கிரோமீற்றருக்கும் குறைவான ஆழத்துக்கு, பொசுபரசைச் செலுத்துவார்கள். இரண்டு பகுதியும் தொடும் இடம்தான் சந்தி. வெளிச்சம் உள்ளே விழும்போது சிலிக்கன் பிணைப்பிலிருந்து ஓர் இலத்திரன் கழன்று வெளியேறும். அது இருந்த இடம் துளையாக நிற்கும். கழன்ற இலத்திரன் இலக்கில்லாமல் அலையும். அலைந்து அலைந்து சந்தியை அடைந்துவிட்டால், அங்குள்ள மின்புலம் அதை மறுபக்கம் தள்ளிவிடும். அது எங்களுக்குக் கரண்டாகக் கிடைக்கும். போகிற வழியில் ஒரு துளையில் விழுந்துவிட்டால் எல்லாம் வீண். அந்தச் சக்தி வெறும் சூடாகப் போய்விடும்.

ஆகவே இலத்திரன் எவ்வளவு நேரம் உயிரோடு அலைகிறது என்பதுதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. அந்த நேரத்தைத் துறைக்காரர்களும் ஆயுட்காலம் என்றே சொல்கிறார்கள். ஆயுட்காலம் 100 மைக்கிரோசெக்கன் என்றால், இலத்திரன் சராசரியாக அரை மில்லிமீற்றரைச் சற்றுத் தாண்டிய தூரத்துக்கு அலைந்து போகும். தகட்டின் தடிப்பு ஒரு மில்லிமீற்றரில் ஆறில் ஒரு பங்கு அளவுதான். அப்படியானால் அடியில் பிறந்த இலத்திரனும் மேலேயுள்ள சந்தியை அடைந்துவிடும். ஆயுட்காலம் ஒரே ஒரு மைக்கிரோசெக்கனாகக் குறைந்தால் தூரம் பத்தில் ஒன்றாகச் சுருங்கும். தகட்டின் பாதித் தடிப்பைக்கூடக் கடக்காது. கீழ்ப்பகுதியில் பிறந்தவற்றில் பெரும்பாலானவை வழியிலேயே முடிந்துவிடும். நூறு கோடியில் ஒரு பங்குக்கும் குறைந்த இரும்பு மாசு இந்த நாசத்தைச் செய்யப் போதும். கண்ணால் பார்த்தால் நல்ல தகடும் கெட்ட தகடும் ஒரே சாம்பல் நிறம்.

ஒரு மின்னல், ஒரு வளைகோடு

வழியை விளக்குவதற்கு முன் முடிவைச் சொல்லிவிடுகிறேன். அதுதான் ஒட்டுத்தாளுக்குப் போகும் அளவை. முழுமையடைந்த கலம் கடைசியாக ஓர் இருண்ட பெட்டிக்குள் போகும். மேலும் கீழும் ஊசிமுனைகள் வரிசையாக இறங்கி அதன் வெள்ளிக் கோடுகளைத் தொடும். உடனே ஒரு வெளிச்ச வீச்சு. செனன் விளக்கோ எல்.ஈ.டி. விளக்கோ ஒரு செக்கனின் சிறு பகுதி நேரம் மட்டும் சூரியனைப் போல எரியும். அந்த நேரத்துக்குள் ஓர் இலத்திரனியல் சுமை வோல்ற்றளவைப் பூச்சியத்திலிருந்து உச்சம் வரை ஓட்டி, ஒவ்வொரு புள்ளியிலும் ஓட்டம் எவ்வளவு என்று பதிந்துவிடும். நவீன தொழிற்சாலையொன்றில் ஒரு வரிசையில் மணித்தியாலத்துக்கு 3000 கலத்துக்கு மேல் இப்படிக் கடந்து போகும். கிட்டத்தட்ட ஒரு செக்கனுக்கு ஒன்று.

கிடைக்கும் வளைகோடு மேசை விளிம்பு மாதிரி இருக்கும்: நெடுகச் சமமாக வந்து, முடிவில் சடாரென்று கீழே இறங்கும். ஒரு முனையில் வோல்ற்றளவு பூச்சியம், ஓட்டம் உச்சம். அது குறுஞ்சுற்று ஓட்டம். மறுமுனையில் ஓட்டம் பூச்சியம், வோல்ற்றளவு உச்சம். அது திறந்த சுற்று வோல்ற்றளவு. இரண்டு முனையிலும் வலு ஒன்றுமில்லை, ஏனென்றால் வலு இரண்டின் பெருக்கம். நடுவில், மேசை வளைகிற அந்த முழங்கையில்தான் உச்ச வலு இருக்கிறது. அந்த உச்ச வலு, இரு முனை எண்களின் பெருக்கத்தில் எத்தனை பங்கு என்பதை நிரப்புக் காரணி என்கிறார்கள். முழங்கை எவ்வளவு கூர்மையோ அவ்வளவுக்குக் கலம் நல்லது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பக்கம் 182 மில்லிமீற்றர் கொண்ட கலத்தின் பரப்பு ஏறத்தாழ 330 சதுர சென்ரிமீற்றர். சோதனை வெளிச்சம் சதுர மீற்றருக்கு 1000 வாற். ஆகவே கலத்தின்மேல் விழுவது 33 வாற். ஓட்டம் 13.5 அம்பியர், வோல்ற்றளவு 0.685, நிரப்புக் காரணி 0.82 என்று வைத்துக்கொண்டால் மூன்றையும் பெருக்க 7.58 வாற் வரும். 33இல் 7.58 என்பது 23 சதவீதம். 'பேர்க்' என்று அழைக்கப்படும் வகையில் ஒரு நல்ல கலத்துக்கு இது பொருத்தமான எண்.

இதில் மூன்று நிபந்தனைகள் ஒளிந்திருக்கின்றன. வெளிச்சம் 1000 வாற் இருக்க வேண்டும். அதன் நிறக் கலவை, சூரிய ஒளி வளிமண்டலத்தின் ஒன்றரை மடங்கு தடிப்பைக் கடந்து வந்தால் எப்படியிருக்குமோ அப்படியிருக்க வேண்டும். கலத்தின் வெப்பநிலை 25 பாகை செல்சியஸ் இருக்க வேண்டும். உலகம் முழுக்க இந்த மூன்றையும் பொதுவாக ஒத்துக்கொண்டிருப்பதால்தான் ஒரு நாட்டுக் கலத்தை இன்னொரு நாட்டுக் கலத்தோடு ஒப்பிட முடிகிறது. மூன்றாவது நிபந்தனை எங்களுக்கு முக்கியம். சூடு ஒரு பாகை ஏறினால் ஒரு கலத்தின் வோல்ற்றளவு ஏறத்தாழ 2 மில்லிவோல்ற் இறங்கும். மின்னல் வெட்டுகிற மாதிரி வெளிச்சம் போடுவதற்கு ஒரு காரணம் இதுதான்: கலம் சூடேற முன் அளந்து முடிக்க வேண்டும்.

ஊசிமுனைகளிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஓட்டத்தை எடுக்கும் ஊசியிலேயே வோல்ற்றளவையும் அளந்தால் எண் பிழைத்துவிடும். ஊசி தொடும் இடத்தில் ஓர் ஓமின் ஆயிரத்தில் ஒரு பங்கு தடை இருந்தாலும், 13 அம்பியர் அதன் வழியே பாயும்போது 13 மில்லிவோல்ற் அங்கேயே தொலையும். உச்ச வலுப் புள்ளியில் கலத்தின் வோல்ற்றளவே 590 மில்லிவோல்ற் அளவுதான். இரண்டு சதவீதத்துக்கு மேல் பிழை! அதனால் ஓட்டத்துக்குத் தனி ஊசி, வோல்ற்றளவுக்குத் தனி ஊசி. வோல்ற்றளவு ஊசியில் ஓட்டம் இல்லையென்றே சொல்லலாம். ஆகவே அதில் இழப்பும் இல்லை. கெல்வின் பிரபு பத்தொன்பதாம் நூற்றாண்டில் சிறிய தடைகளை அளக்கக் கண்ட உபாயம் இன்னும் வேலை செய்கிறது.

இனி, பக்கத்து வீட்டுக்காரரின் கேள்வி. ஓம், தொழிற்சாலைக்காரர் தாங்களேதான் அளக்கிறார்கள். ஆனால் அளவுகோல் அவர்களுடையதல்ல. செயற்கைச் சூரியன் சரியாக 1000 வாற் எரிகிறதா என்பதை ஓர் ஒப்பீட்டுக் கலத்தை வைத்துத்தான் சரிசெய்கிறார்கள். அந்த ஒப்பீட்டுக் கலம் ஜேர்மனியின் பிரைபூர்க் நகரிலுள்ள பிரவுன்ஹோபர் நிறுவனம், அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்திலுள்ள தேசிய ஆய்வுகூடம் போன்ற இடங்களில் அளவு குறிக்கப்பட்டு வரும். அங்கேயும் அளவை முற்றிலும் துல்லியமல்ல. இத்தனை சதவீதம் கூடக் குறைய இருக்கலாம் என்று சான்றிதழிலேயே எழுதித்தான் தருவார்கள். அந்தச் சிறு சதவீதத்தை லேசாக எடுக்க ஏலாது. வருடத்துக்கு ஒரு கிகாவாற் உற்பத்தி செய்யும் தொழிற்சாலையில் விளக்கு ஒரு சதவீதம் கூடுதலாக எரிந்தால், இல்லாத 10 மெகாவாற் விற்பனையாகும். 450 வாற் பனல் கணக்கில் அது 22,000க்கு மேல். யாரும் களவெடுக்காமலேயே நடக்கக்கூடிய நட்டம் இது. அதனால்தான் நல்ல தொழிற்சாலைகள் ஒப்பீட்டுக் கலத்தைப் பொக்கிஷம் போலப் பாதுகாக்கின்றன, ஒரு நாளைக்குப் பல தடவை சரிபார்க்கின்றன.

தவணைப் பரீட்சைகள்

இந்தக் கடைசி அளவை எவ்வளவு கச்சிதமானதென்றாலும், அதில் ஒரு பெருங்குறை இருக்கிறது. பிந்திவிடுகிறது. சாதாரண தரப் பரீட்சை முடிவு வந்த பிறகுதான் பிள்ளைக்குப் பின்னங்கள் விளங்கவில்லை என்று தெரிந்தால் என்ன பயன்? கலமும் அப்படித்தான். 23க்குப் பதில் 21 சதவீதம் வந்தால் ஏதோ பிழை என்று தெரியும். எங்கே பிழை என்று தெரியாது. தகடு வரும்போதே கெட்டதா, உலையில் கெட்டதா, பூச்சில் கெட்டதா, வெள்ளிக்கோடு அடித்ததில் கெட்டதா? அதற்குள் அதே பிழையோடு ஆயிரக்கணக்கான கலங்கள் வரிசையில் வந்துகொண்டிருக்கும். ஆகவே இடையிடையே தவணைப் பரீட்சைகள் வேண்டும். சிக்கல் என்னவென்றால், இடையில் இருப்பது இன்னும் கலமல்ல. அதில் கம்பியுமில்லை, வெள்ளிக்கோடுமில்லை. வாய் முளைக்காத பிள்ளையிடம் பாடம் கேட்கிற கதைதான்.

முதல் பெரிய பரீட்சை பொசுபரசு ஏற்றிய பிறகு. தகடுகளை 800 பாகையை ஒட்டிய சூட்டில் உலையில் வைத்துப் பொசுபரசு ஆவியைச் செலுத்துவார்கள். எவ்வளவு ஏறியது என்று எப்படி அறிவது? நான்கு ஊசிகளை ஒரே நேர்கோட்டில், சம இடைவெளியில், தகட்டின்மேல் வைப்பார்கள். வெளி ஊசிகள் இரண்டாலும் ஓட்டம் செலுத்தி, உள் ஊசிகள் இரண்டுக்கும் இடையில் வோல்ற்றளவை அளப்பார்கள். வோல்ற்றளவை ஓட்டத்தால் வகுத்து 4.53ஆல் பெருக்கினால் மேற்படையின் தடை கிடைக்கும். இந்த 4.53 எங்கிருந்து வந்தது என்று நண்பரைக் கேட்டேன். பையை இரண்டின் இயற்கை மடக்கையால் வகுத்தால் வருவதாம். விரிந்த மென்படையில் ஓட்டம் பரவும் விதத்தின் கணக்கு அது.

இந்தத் தடையின் அலகு வேடிக்கையானது: 'ஒரு சதுரத்துக்கு இத்தனை ஓம்'. என்ன அளவுச் சதுரம் என்று கேட்கத் தோன்றும். எந்த அளவென்றாலும் சரி. மென்படையில் சதுரத்தைப் பெரிதாக்கினால் ஓட்டம் கடக்க வேண்டிய நீளம் கூடும், தடையும் கூடும்; அதே அளவுக்கு அகலமும் கூடும், அதனால் தடை குறையும். இரண்டும் சரிக்குச் சரி. கைக்குட்டையளவுச் சதுரத்துக்கும் பன்பாயளவுச் சதுரத்துக்கும் தடை ஒன்றே.

நான்கு ஊசி முறைக்கு இன்னொரு வரலாறும் உண்டு. பிராங்க் வென்னர் என்ற அமெரிக்கர் 1915ஆம் ஆண்டளவில் நிலத்தின் தடையை அளக்க நான்கு முளைகளை மண்ணில் நட்டார். கிணறு தோண்ட நிலத்தடி நீர் தேடுகிறவர்கள் இன்றும் அதைத்தான் செய்கிறார்கள். அதே முறையைக் குறைகடத்திக்குக் கொண்டுவந்தது 1954இல் வல்டெஸ் எழுதிய கட்டுரை. வயலில் முளை, தகட்டில் ஊசி, தத்துவம் ஒன்று.

சரி, தடை கூடினால் நல்லதா, குறைந்தால் நல்லதா? இரண்டுமில்லை. பொசுபரசு அதிகம் ஏறித் தடை குறைந்தால், அந்த மேற்படைக்குள் இலத்திரனும் துளையும் சீக்கிரம் அழியும்; முக்கியமாக நீல ஒளி மேற்பரப்பிலேயே உறிஞ்சப்படுவதால் அதன் பயன் போய்விடும். பொசுபரசு குறைந்து தடை கூடினால், ஓட்டம் வெள்ளிக்கோட்டை நோக்கிப் பக்கவாட்டில் போகும்போது இழப்பு வரும், வெள்ளியும் நன்றாக ஒட்டாது. பேர்க் கலங்களில் சதுரத்துக்கு 100 ஓமை ஒட்டியோ அதற்கு மேலோ வைப்பது வழக்கம். தகட்டின் நடுவிலும் நாலு மூலையிலும் ஒரே எண் வருகிறதா என்று பார்த்தால் உலையின் சூடு சமமாக இருந்ததா என்பதும் தெரிந்துவிடும்.

அடுத்து வருவது எனக்கு மிகவும் பிடித்த பரீட்சை. தகட்டைத் தொடாமலேயே அதன் ஆயுட்காலத்தை அறிவது. தகட்டின் அடியில் ஒரு கம்பிச்சுருள், மேலே ஒரு விளக்கு. விளக்கு பளிச்சிட்டால் தகட்டுக்குள் இலத்திரன்கள் கழன்று அதன் கடத்துதிறன் கூடும். சுருள் அதைத் தூரத்திலிருந்தே உணரும். வெளிச்சம் மங்க மங்கக் கடத்துதிறன் எப்படி இறங்குகிறது என்று பார்த்தால் இலத்திரன் எவ்வளவு நேரம் உயிரோடிருக்கிறது என்று கணக்கிடலாம். ரொன் சின்ரன், அந்திரேஸ் குவேவாஸ் என்ற இருவரும் 1996இல் இந்த முறையை ஒரு சிறு கட்டுரையாக வெளியிட்டார்கள். இன்று சூரியக் கல ஆய்வுகூடங்களில் இந்தக் கருவி சர்வசாதாரணம்.

அவர்கள் செய்ததில் பெரிய விசயம் ஆயுட்காலத்தை அளந்தது மட்டுமல்ல. தகட்டுக்குள் எத்தனை இலத்திரன் இருக்கிறது என்று தெரிந்தால், அந்தத் தகடு கலமாகும்போது எவ்வளவு வோல்ற்றளவு தரும் என்பதையும் கணித்துவிடலாம். வெள்ளிக்கோடு ஒன்றுகூட அடிக்கப்படாத தகட்டைப் பார்த்து, "நீ 700 மில்லிவோல்ற் தரக்கூடியவன்" என்று சொல்லிவிட முடியும். இதில் ஓர் எளிய கணக்கு இருக்கிறது. சாதாரண நிலையில், அலையும் இலத்திரன்களின் எண்ணிக்கை பத்திலொன்றாகக் குறைந்தால் வோல்ற்றளவு ஏறத்தாழ 60 மில்லிவோல்ற் இறங்கும். 700இல் 60 போனால் ஒன்பது சதவீத வலு அங்கேயே போயிற்று.

ஆனால் இந்த அளவை எப்போது எடுப்பது என்பதில் கவனம் வேண்டும். வெறும் தகட்டின் மேற்பரப்பில் அறுந்த பிணைப்புகள் கணக்கில்லாமல் கிடக்கும். இலத்திரன்கள் அங்கே போய் அழியும். உள்ளே தகடு எவ்வளவு நல்லதென்றாலும் அளவு குறைத்தே காட்டும். பின்பக்கம் அலுமினியம் ஒட்சைட்டும் முன்பக்கம் சிலிக்கன் நைத்திரைட்டும் பூசி மேற்பரப்பை அமைதிப்படுத்திய பிறகு அளந்தால்தான் உண்மை வெளிவரும். கலத்தின் அந்தக் கருநீல நிறம் இந்த நைத்திரைட்டுப் பூச்சால் வருவதுதான். ஒரு மில்லிமீற்றரைப் பத்தாயிரம் பங்காக்கினால் ஒரு பங்குகூடத் தேறாத மெல்லிய பூச்சு.

கலம் தானே ஒளிரும்போது

சுருளும் விளக்கும் தரும் எண் பரப்பு முழுவதன் சராசரி. வகுப்புச் சராசரி 55 என்றால் எந்தப் பிள்ளை 20 எடுத்தது என்று தெரியாது. எங்கே பழுது என்று இடம் காட்ட வேண்டுமானால் படம் வேண்டும்.

சூரியக் கலம் வெளிச்சத்தை வாங்கிக் கரண்ட் தருகிறது. அதே கலத்துக்குக் கரண்ட் கொடுத்தால் அது வெளிச்சம் தரும். எல்.ஈ.டி. விளக்கும் இதுவும் தூரத்துச் சொந்தம். சிலிக்கன் மிகவும் மங்கலாகத்தான் ஒளிரும். அந்த ஒளியும் 1150 நனோமீற்றர் அளவில், செங்கீழ்ப் பகுதியில் இருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. தகுந்த கமெரா இருந்தால் இருட்டறையில் தெரியும். ஜப்பானின் நாரா மாகாணத்தில் தகாஷி ஃபுயுகியும் குழுவினரும் 2005இல் இப்படிப் படமெடுத்துக் காட்டினார்கள். இலத்திரன் நீண்ட நேரம் வாழும் இடம் பிரகாசமாகவும், சீக்கிரம் சாகும் இடம் இருளாகவும் பதிந்தது.

கரண்ட் கொடுக்க வெள்ளிக்கோடு வேண்டும். ஆகவே அது முடிந்த கலத்துக்குத்தான் உதவும். அடுத்த வருடமே அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் தோர்ஸ்டன் ட்ரூப்கேயும் ரொபர்ட் பார்டோஸும் ஜேர்மனிய நண்பர்களோடு சேர்ந்து அந்தத் தடையைத் தாண்டினார்கள். கரண்டுக்குப் பதில் லேசர் ஒளியைத் தகடு முழுக்கப் பாய்ச்சினார்கள். தகடு பதிலுக்கு ஒளிர்ந்தது. திரும்பி வரும் லேசர் ஒளியை வடிகட்டி மறித்துவிட்டு, தகட்டின் சொந்த ஒளியை மட்டும் கமெராவில் பிடித்தார்கள். அதற்கு முன்னர் ஒரு தகட்டின் ஆயுட்கால வரைபடத்தை எடுக்கப் புள்ளி புள்ளியாக ஊர்ந்து நெடுநேரம் காத்திருக்க வேண்டும். இவர்களுக்கு ஒரு செக்கனளவு போதுமாயிற்று. தொடவும் தேவையில்லை, தகடு எந்தக் கட்டத்தில் இருந்தாலும் சரி.

அந்தப் படங்களைப் பார்க்கப் பழகியவர்கள் அவற்றை வாசிக்கிறார்கள், சுவடி வாசிக்கிற மாதிரி. வட்ட வட்டமாக இருண்டிருந்தால் சிலிக்கன் பளிங்கு வளரும்போது ஒட்சிசன் சேர்ந்திருக்கிறது. நெடுகப் பட்டை பட்டையாக இருந்தால் உலைக்குள் கொண்டுபோன பட்டியின் தடம். ஒரே இடத்தில் ஒரே மாதிரிப் புள்ளி ஆயிரம் தகட்டிலும் வந்தால், எடுத்து வைக்கும் இயந்திரக் கையின் உறிஞ்சி அழுக்கு. மயிரிழை போல நெளிந்த கோடு வெடிப்பு. முடிந்த கலத்தில் ஒரு வெள்ளிக்கோட்டின் பக்கம் மட்டும் இருண்டிருந்தால், அந்தக் கோடு எங்கோ அறுந்திருக்கிறது. எண்களால் 'பிழை' என்று மட்டும் சொல்ல முடிந்ததை, படம் 'இந்த இயந்திரம், இந்த இடம்' என்று சொல்லிவிடுகிறது. இதுவரை சொன்ன முறைகளில் தொழிற்சாலைக்கு அதிகம் கைகொடுத்தது எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

வெள்ளிக்கோடு அடித்துச் சுட்டெடுத்த பிறகு இன்னொரு நுட்பமான ஒப்பீடு உண்டு. இதுவும் சின்ரன், குவேவாஸ் இருவருடையதுதான், 2000ஆம் ஆண்டு. கலத்திலிருந்து ஓட்டம் எதுவும் எடுக்காமல், வெளிச்சத்தை மட்டும் மெல்ல மங்கச் செய்து வோல்ற்றளவைப் பதிவது. ஓட்டம் இல்லாததால் கோடுகளின் தடை இதில் தலைகாட்டாது. இதிலிருந்து வரையும் வளைகோட்டைச் சாதாரண வளைகோட்டுக்குப் பக்கத்தில் வைத்தால், இரண்டுக்குமிடையிலான இடைவெளி முழுவதும் தடையின் குற்றம். இடைவெளி இல்லாமல் இரண்டும் சேர்ந்தே தாழ்ந்தால் குற்றம் தகட்டிலோ சந்தியிலோ இருக்கிறது. பிறகு கலத்துக்கு எதிர்த்திசையில் வோல்ற்றளவு கொடுத்து ஒழுக்கு இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். ஒழுகும் புள்ளி பின்னாளில் கூரையில் நிழல் விழும்போது சூடேறி எரியக்கூடியது. அப்படிப்பட்ட கலத்தை அங்கேயே ஒதுக்கிவிட வேண்டும்.

தேறியவை வினைத்திறன் வாரியாக, ஒரு சதவீதத்தின் சிறு சிறு பின்னப் படிகளில், தனித்தனிப் பெட்டிகளில் விழும். பனலுக்குள் கலங்கள் தொடராக இணைக்கப்படுவதால் ஓட்டம் குறைந்த ஒன்று மற்ற எல்லாவற்றையும் தன் அளவுக்கு இழுத்துவிடும். கைமாற்றிக் கைமாற்றி வாளியில் தண்ணீர் கொடுக்கும் வரிசையில் ஒருவர் மெதுவாக இருந்தால் போதும், எல்லாருமே மெதுவாகிவிடுவார்கள். ஆகவே ஒத்தவற்றை ஒன்றாகச் சேர்ப்பது வெறும் ஒழுங்குக்காகச் செய்வதல்ல.

முதல் நாள் அளவும் பிறகும்

1954 ஏப்ரலில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடம் உலகுக்குக் காட்டிய சிலிக்கன் கலம் 6 சதவீத வினைத்திறன் கொண்டது; சாப்பின், புல்லர், பியர்சன் மூவரும் செய்தது. 1989இல் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தின் மார்ட்டின் கிரீன் குழு பேர்க் கலத்தை 22.8 சதவீதத்தோடு வெளியிட்டது. இன்றைய ஆய்வுகூடச் சாதனைகள் 27ஐத் தாண்டிவிட்டன. சிலிக்கன் கலத்தின் கோட்பாட்டு எல்லை 29.4 என்கிறார்கள். எஞ்சியிருப்பது கொஞ்சம்தான், அந்தக் கொஞ்சத்தில் எந்தப் பங்கு எந்த இடத்தில் தொலைகிறது என்று இந்த அளவைகள் இல்லாமல் யாருக்கும் தெரிந்திருக்காது.

அளவையே ஏமாறும் இடம் ஒன்றும் இருக்கிறது. 1973இல் பிஷர், ப்ஷுண்டர் என்ற ஜேர்மனிய ஆய்வாளர்கள், போரன் கலந்த கலம் வெளிச்சம் பட்ட முதல் மணித்தியாலங்களிலேயே வலுவில் ஒரு பகுதியை இழப்பதைக் கண்டார்கள். போரனும் ஒட்சிசனும் வெளிச்சத்தில் கூட்டுச் சேர்ந்து இலத்திரனைப் பிடிக்கும் பொறியாகிவிடுகின்றன. பெட்டிக்குள் ஒரு மின்னல் வெட்டில் எடுத்த எண் அந்தக் கணத்தில் பொய்யல்ல. ஆனால் வாங்குகிறவருக்கு வேண்டியது அந்தக் கணத்தின் எண்ணா? இதனால் தொழிற்சாலைகள் கலத்தைச் சூட்டிலும் வெளிச்சத்திலும் வைத்துப் பதப்படுத்தப் பழகின. பின்னர் போரனையே விட்டுவிட்டுப் பெரும்பாலும் கல்லியத்துக்கு மாறிவிட்டார்கள்.

எங்கள் கூரைக்கு வருவோம். வெயிலில் கிடக்கும் பனல் 60 பாகைக்கு ஏறுவது இங்கே புதினமல்ல. சோதனைச் சூட்டைவிட அது 35 பாகை கூட. பேர்க் வகைக்குப் பாகைக்கு 0.35 சதவீதம் என்று கணக்குப் பார்த்தால் 12 சதவீதத்துக்கு மேல் இறங்கும். 450 வாற் பனல், முழு வெயிலிலும் 395 அளவில்தான் நிற்கும். இதில் யாரும் ஏமாற்றவில்லை. பாகைக்கு எவ்வளவு இறங்கும் என்ற எண் பனலோடு வரும் விபரத் தாளில் இருக்கும்; வாற் எண்ணுக்குப் பக்கத்தில் அதையும் பார்த்து வாங்குவது நல்லது. எண் சிறிதாயிருந்தால் எங்கள் சூட்டுக்கு அது தோதானது.

ஒவ்வொரு பனலும் கலங்கள் கோக்கப்பட்ட பிறகு மீண்டும் ஒருமுறை மின்னல் வெளிச்சத்தில் அளக்கப்படுகிறது. அந்த அறிக்கை பனலின் தொடர் இலக்கத்தோடு சேமிக்கப்பட்டிருக்கும். பள்ளிவாசலுக்கோ பாடசாலைக்கோ ஐம்பது நூறு பனல் மொத்தமாக எடுக்கிறவர்கள் விற்பனையாளரிடம் அந்தப் பட்டியலைக் கேட்கலாம். ஒளிரும் படங்களையும் கேட்கலாம். கேட்டால் தருகிற விற்பனையாளரும் இருக்கிறார், கேள்வியே விளங்காதவரும் இருக்கிறார். அந்த வித்தியாசம் தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது. ஒன்று மட்டும் அந்தப் படத்தில் தெரியாது. பொருத்த வருகிற பொடியன்மார் பனலின்மேல் ஏறி நடந்தால் கண்ணாடி தாங்கும், மயிரளவைவிடக் கொஞ்சமே தடித்த கலம் உள்ளே வெடிக்கும். தொழிற்சாலைக் கமெரா எடுத்தது அதற்கு முந்திய படம்.